அப்பா போட்ட மூன்று வாக்குகள்: கொழும்பு மத்தியும் பழைய வாக்காளர் இடாப்பும்

நீர்கொழும்பிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 1941இல் பிறந்த அவருடைய தந்தை இளமைக் காலம் முழுவதையும் கொழும்பு வாழைத்தோட்டத்தில் கழித்தவர். 1970ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தாம் ஒரே நாளில் மூன்று வாக்குகள் போட்டதாக அவர் அடிக்கடி சொல்லியிருக்கிறார். அது இப்போதைய விருப்பு வாக்கோடு கலந்துபோன நினைவாக இருக்கும் என்பது வாசகியின் அண்ணனின் வாதம். குடும்ப வரலாறு எழுதத் தொடங்கியுள்ள வாசகி, பழைய வாக்காளர் இடாப்பில் தந்தையின் பெயரையும் அன்றைய வீட்டு முகவரியையும் தேடச் சென்றபோது, தொகுதியையும் ஆண்டையும் கேட்டிருக்கிறார்கள். எந்தத் தொகுதி, எந்த ஆண்டு, எங்கே தேடுவது என்பதே அவருடைய கேள்வி.

உங்கள் தந்தை சொன்னது முழு உண்மை, அம்மா. அவர் வாழ்ந்த பகுதி 'கொழும்பு மத்தி' என்னும் தேர்தல் தொகுதியைச் சேர்ந்தது. 1947 முதல் 1989 வரை அந்தத் தொகுதி மூன்று உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அங்கே பதிவுபெற்ற ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள் இருந்தன. அவற்றை மூன்று வேட்பாளர்களுக்கு ஒவ்வொன்றாகப் பகிரலாம், ஒருவருக்கு இரண்டும் மற்றொருவருக்கு ஒன்றும் அளிக்கலாம், மூன்றையும் ஒருவருக்கே கொடுக்கவும் செய்யலாம். வேட்பாளர்கள் ஒரே கட்சியினராக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை.

உங்கள் அண்ணனின் ஐயம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவுதான். விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் இன்று நாம் முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு வாக்கை அளித்துவிட்டு, அதே பட்டியலில் உள்ள வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்கு இடுகிறோம். எண் மூன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை. விருப்பு வாக்கு கட்சிப் பட்டியலுக்குள் அடைபட்டது, ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க முடியாதது. பழைய மூன்று வாக்குகளோ கட்சி எல்லையைக் கடந்து செல்லக்கூடியவை, ஒரே பெயரின் மீது குவிக்கக்கூடியவை. 1970 மே 27ஆம் திகதி விருப்பு வாக்கு என்பதே இலங்கையில் இருக்கவில்லை. அது 1989 பாராளுமன்றத் தேர்தலோடு நடைமுறைக்கு வந்தது.

இந்த ஏற்பாடு ஏன் உருவானது என்பதை அறிந்துகொண்டால் உங்கள் தேடல் எளிதாகும். சுதந்திரத்தை ஒட்டி நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியல் யாப்பின் கீழ் 1947இல் நடந்த முதல் பாராளுமன்றத் தேர்தலில் 89 தொகுதிகளிலிருந்து 95 பேர் தெரிவானார்கள். அவற்றுள் 84 தொகுதிகள் ஓர் அங்கத்தவரைக் கொண்டவை. பதுளை, பலாங்கொடை, கடுகண்ணாவை, அம்பலாங்கொடை-பலப்பிட்டிய ஆகிய நான்கும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள். மூன்று அங்கத்தவரைக் கொண்டிருந்தது கொழும்பு மத்தி ஒன்றே. இனத்தாலோ மதத்தாலோ வேறு வகையாலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்ட மக்கள் கணிசமாகச் செறிந்து வாழும் இடங்களில் அவர்களுக்கும் குரல் கிடைக்க வேண்டும் என்பது எல்லை நிர்ணயத்தின் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. மருதானை, புதுக்கடை, வாழைத்தோட்டம் போன்ற இடங்களில் சோனகர், மலாயர், தமிழர், சிங்களவர், பறங்கியர் எனப் பலரும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். அந்தக் கலப்பை மூன்று துண்டுகளாக வெட்டித் தனித்தனித் தொகுதிகள் ஆக்குவதைவிட, ஒரே தொகுதியாக வைத்து மூவரைத் தெரியச் செய்வது பொருத்தமானது என்று அன்று கருதப்பட்டது. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம்.

1947இல் அங்கே வென்ற மூவரைப் பாருங்கள். 1920களின் வேலைநிறுத்தங்களை நடத்தித் தொழிற்சங்க இயக்கத்தை வளர்த்த ஏ. ஈ. குணசிங்க ஒரு சிங்களவர். மருதானை சாஹிரா கல்லூரியின் அதிபராகப் புகழ்பெற்ற டி. பி. ஜாயா ஒரு மலாயர். அவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் வென்று, தொழில் மற்றும் சமூக சேவை அமைச்சராகவும் ஆனார். மூன்றாமவர் கேம்பிரிட்ஜில் பயின்ற கம்யூனிஸ்டான பீட்டர் கெனமன், ஒரு பறங்கியர். தொழிற்கட்சி, ஐக்கிய தேசியக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி என மூன்று கட்சிகளும் மூன்று சமூகங்களும் ஒரே தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றன. அத்தொகுதியில் பறங்கியர் சிறு தொகையினரே. ஆகவே கெனமனின் வெற்றியை இனக் கணக்கால் மட்டும் விளக்க முடியாது. துறைமுகத்திலும் பட்டறைகளிலும் உழைத்தவர்களின் ஆதரவும், வாக்குகளை ஒருவர் மீது குவிக்கும் வசதியும் சேர்ந்தே அதை விளக்கும். அவர் 1977 வரை தொடர்ந்து முப்பது ஆண்டுகள் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார்.

உங்கள் தந்தை வாக்களித்த 1970ஆம் ஆண்டு அத்தொகுதியின் வரலாற்றில் தனிக் கவனத்துக்கு உரியது. நாடெங்கும் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்று, ஐக்கிய தேசியக் கட்சி 17 ஆசனங்களுக்குச் சுருங்கியபோது, அந்தப் பதினேழில் இரண்டைக் கொழும்பு மத்தி கொடுத்தது. வாழைத்தோட்டத்தில் வளர்ந்த ஆர். பிரேமதாசவும் பளீல் கபூரும் அவர்கள். ஐக்கிய முன்னணியின் சார்பில் கெனமன் மூன்றாமவராகத் தெரிவானார். 1977இல் அலை மறுபுறம் திரும்பி, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 168இல் 8 ஆசனங்களே எஞ்சியபோது, அந்த எட்டில் ஒன்று இங்கே ஹலீம் இஷாக் பெற்றது. மற்ற இருவர் பிரேமதாசவும் ஜாபிர் ஏ. காதரும். ஓர் அங்கத்தவர் தொகுதிகளில் தோற்றவனின் வாக்கு காற்றோடு போய்விடும். இங்கே அது போகவில்லை. அதே 1977இல், மூன்று அங்கத்தவர் தொகுதியாகப் புதிதாக வகுக்கப்பட்ட நுவரெலியா-மஸ்கெலியாவில் காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோருடன் சௌமியமூர்த்தி தொண்டமானும் தெரிவானதை நினைவுகூர்ந்தால், மலையகத் தமிழருக்கு இந்தப் பல அங்கத்தவர் ஏற்பாடு எந்த வழியைத் திறந்துவிட்டது என்பது புரியும்.

பழைய தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1970ஆம் ஆண்டு அட்டவணையில் கொழும்பு மத்தியின் வேட்பாளர்கள் பெற்ற வாக்குகளைக் கூட்டினால், பதிவுபெற்ற வாக்காளரின் எண்ணிக்கையைத் தாண்டிவிடும். அதை மோசடி என்றோ அச்சுப்பிழை என்றோ எண்ணிவிட வேண்டாம். அங்கே எண்ணப்பட்டவை வாக்குகள், வாக்காளர்கள் அல்லர். அதனாலேயே அத்தொகுதியில் ஒருவர் பெற்ற வாக்கைப் பக்கத்து ஓர் அங்கத்தவர் தொகுதியில் இன்னொருவர் பெற்ற வாக்கோடு ஒப்பிட்டு, யாருக்குச் செல்வாக்கு அதிகம் என்று முடிவு கட்டுவதும் தவறு.

இனி உங்கள் தேடலுக்கு வருகிறேன். 'கொழும்பு மத்தி' என்று மட்டும் எழுதிக் கொடுப்பது போதாது. அந்தப் பெயர் மூன்று காலங்களில் மூன்று வேறு பொருள்களைக் குறித்தது. 1931 முதல் 1947 வரை அது பாராளுமன்றத்துக்கு முன்பிருந்த சட்டமன்றமான அரசாங்க சபைக்கு ஒருவரை அனுப்பிய தொகுதி. குணசிங்கதான் அப்போதும் அதன் உறுப்பினர். 1947 முதல் 1989 வரை அது நான் மேலே விவரித்த மூன்று அங்கத்தவர் தொகுதி. அதற்குப் பின் அது கொழும்புத் தேர்தல் மாவட்டத்தின் பதினைந்து பிரிவுகளில் ஒன்று; அதற்கெனத் தனி உறுப்பினர் கிடையாது. இன்றும் தேர்தல் இரவில் கொழும்பு மத்தியின் முடிவு தனியே அறிவிக்கப்படுகிறது என்றால், 1976 எல்லை நிர்ணயத்தில் வகுக்கப்பட்ட 160 தொகுதிகளும் வாக்கெண்ணும் பிரிவுகளாகத் தொடர்வதே காரணம். 1978க்கு முன் 'தேர்தல் மாவட்டம்' என்று ஓர் ஆவணம் சொன்னால் அது பெரும்பாலும் தனித் தொகுதியையே குறிக்கும், இன்றைய கொழும்பு மாவட்டம் முழுவதையும் அல்ல. மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு கலங்கி, ஆண்டுக்கணக்கில் தவறான கட்டுகளைப் புரட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எல்லைகளும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1946, 1959, 1976 ஆகிய மூன்று நிர்ணயங்களில் நகரத் தொகுதிகள் திருத்தப்பட்டன. எனவே 1970க்கு உரிய எல்லை 1959 நிர்ணயத்தினுடையது. இன்றைய வட்டார எண்ணையோ கிராம அலுவலர் பிரிவையோ கொண்டு தேடினால் வழி தவறும். தெருவின் பெயரையும் வீட்டின் மதிப்பீட்டு இலக்கத்தையும் (வரி மதிப்பீட்டுக்காக வீட்டுக்கு இடப்பட்ட எண்) கையில் வைத்திருங்கள். இடாப்பு வீட்டுக்கு வீடு கணக்கெடுத்துத் தெரு வாரியாகத் தொகுக்கப்படுவதால், பெயரின் முதலெழுத்தை வைத்துத் தேடுவதைவிட முகவரியை வைத்துத் தேடுவது விரைவானது. தெருக்களின் பெயர்களும் மாறியுள்ளன: நொரிஸ் வீதி ஒல்கொட் மாவத்தை ஆயிற்று, டார்லி வீதி, அதே தொகுதியின் முதல் உறுப்பினர்களில் ஒருவரான ஜாயாவின் பெயரைப் பெற்றது. வாழைத்தோட்டம் என்பது தமிழர் வாயில் வழங்கும் பெயர், சிங்களத்தில் அது கெசல்வத்தை. அரச ஆவணத்தில் இரண்டும் இல்லாமல் தெருவின் பெயர் மட்டுமே இருக்கக்கூடும்.

ஆண்டைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். 1970 மே மாதத் தேர்தலுக்குப் பயன்பட்டது அதற்கு முன்பே சான்றுப்படுத்தப்பட்டு நடைமுறையில் இருந்த இடாப்பு; ஆகவே 1970ஆம் ஆண்டுக்குரியதைக் கேட்காமல் 1969, 1968 ஆகியவற்றைக் கேளுங்கள். வாக்களிக்கும் வயது 1959ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. 1941இல் பிறந்த உங்கள் தந்தையின் பெயர் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே இருக்க வாய்ப்புண்டு, அதற்கு முந்திய இடாப்புகளில் பாட்டனாரின் பெயரைத் தேடலாம். இடாப்பில் தந்தையின் பெயர் ஒருமுறைதான் இருக்கும். மூன்று வாக்குகளை அவர் யார் யாருக்கு அளித்தார் என்பது எந்த ஆவணத்திலும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

முதலில் கொழும்பு மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். தந்தையின் முழுப்பெயர், தெரு, வீட்டு இலக்கம், தொகுதி, இரண்டு மூன்று மாற்று ஆண்டுகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் இணையுங்கள். அங்கே அவ்வளவு பழைய இடாப்பு இல்லையென்றால், கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேளுங்கள். இடாப்பு கிடைக்காத நிலையிலும், எல்லை நிர்ணயத்தை அறிவித்த வர்த்தமானிகளை அங்கே பார்த்து, உங்கள் தெரு எந்தத் தொகுதியில் இருந்தது என்பதை ஐயமற உறுதிசெய்துகொள்ளலாம்.

பலர் கவனிக்காத இன்னொரு தடம் வீடமைப்பு ஆவணங்கள். 1970 முதல் 1977 வரை வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கெனமன். வாடகை வீடுகள் நெருங்கிய தொகுதியின் பிரதிநிதியாகிய அவருடைய காலத்திலேயே 1973ஆம் ஆண்டின் வீட்டு உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையை வரையறுத்து, மிகுதியானவற்றில் குடியிருந்த வாடகையாளர் அவற்றை வாங்க அது வழி செய்தது. 1977இல் வீடமைப்பு அமைச்சு அதே தொகுதியின் பிரேமதாசவிடம் சென்றது. உங்கள் குடும்பம் அக்காலத்தில் வாடகை வீட்டில் இருந்திருந்தால், வீடமைப்பு ஆணையாளரிடமிருந்து வந்த கடிதம் ஏதேனும் பழைய பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். தேடலுக்கு வேண்டிய வீட்டு இலக்கம் அதில் இருக்கும்.

பாட்டனாரின் பெயரைத் தேடும்போது ஒன்றை மனத்தில் வைத்திருங்கள். உங்கள் குடும்பம் இந்திய வம்சாவளியினதா என்பதை நீங்கள் எழுதவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கும், குடிமக்களல்லாதோரை இடாப்பிலிருந்து விலக்கிய 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்துக்கும் பின், மலையகத்தில் மட்டுமல்லாமல் கொழும்பிலும் இந்திய வம்சாவளித் தமிழர் பலர் வாக்குரிமையை இழந்தார்கள். 1947இல் பெயர் இருந்து, ஐம்பதுகளின் இடாப்பில் அது இல்லாமற்போனால், குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள். அவர் அதே வீட்டில், அதே தெருவில் வாழ்ந்துகொண்டே பெயரை இழந்திருக்கலாம். அப்படியானால் அடுத்துத் தேட வேண்டியது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் அவர் விண்ணப்பித்தாரா என்பதை. வீட்டில் ஒரு குடியுரிமைப் பதிவுச் சான்றிதழ் இருந்தால், அதிலுள்ள இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு, அந்தத் திகதிக்குப் பிந்திய இடாப்புகளிலிருந்து தேடத் தொடங்குங்கள்.