கொழிஞ்சாம்பாறையில் தமிழ் டீச்சர் ஆவதற்கு

கேள்வி: கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் கடைசி ஆண்டு. பொள்ளாச்சிப் பக்கம் பி.எட். படித்தால், கேரளாவில் ஹைஸ்கூல் தமிழ் டீச்சர் ஆக முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சேருமுன் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எட்.டில் உங்கள் கற்பித்தல் பாடம் தமிழாக இருக்க வேண்டும். அது சான்றிதழிலும் தெரிய வேண்டும். அப்புறம், வெளிமாநிலப் பட்டத்துக்குக் கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஈக்விவலன்சி (இணைத்தகுதி) சான்றிதழ் கேட்கலாம். அறிவிப்பு வந்தபின் அதற்கு அலைந்தால் கடைசித் தேதி போய்விடும், பி.எட். முடிந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்தது கே-டெட், அதாவது கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு. ஹைஸ்கூலுக்கு மூன்றாம் கேட்டகரி. 150 கேள்வி, தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லை. பொதுப் பிரிவுக்கு 90 மார்க் வேண்டும். உளவியலும் கற்பித்தலும் 40, மொழி 30, பாடம் 80. மொழிப் பகுதியைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் படித்தவர்கள் 80-ஐ நம்பி உளவியலைக் கோட்டை விடுவார்கள். அந்த 40-ஐத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

அரசுப் பள்ளி வேலை கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழியாகத்தான். அதன் துளசி என்ற இணையதளத்தில் இப்போதே பதிவு செய்துவையுங்கள். தமிழ்ப் பணியிடங்கள் பாலக்காடு, இடுக்கி போன்ற எல்லை மாவட்டங்களில்தான் பெரும்பாலும் உண்டு, எண்ணிக்கையும் கொஞ்சம்தான். எய்டட் (அரசு உதவி பெறும் தனியார்) பள்ளியில் நியமிப்பது நிர்வாகம், சம்பளம் தருவது அரசு. பணியிடத்துக்கு அரசு ஒப்புதல் கிடைக்குமா என்று விசாரிக்காமல் 'நன்கொடை' பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள்.

அறிவிப்புக்குக் காத்திருக்கும் காலத்தில் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது தினக்கூலி ஆசிரியர் நேர்காணல்கள் நடக்கும், போய் வாருங்கள். கேரளத் தமிழ்ப் பாடநூல் தமிழ்நாட்டுப் புத்தகம் அல்ல. எட்டு முதல் பத்து வரை அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வகுப்பில் ஒன்று கவனிப்பீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் 'மழ பெய்தது', 'தல வலிக்கிறது' என்று எழுதுவார்கள். நம் பேச்சிலேயே ஐகாரம் தேய்ந்துதான் ஒலிக்கிறது. மலையாளத்தில் அந்தச் சொற்கள் எழுத்திலும் மழ, தல, மல. இரண்டும் சேர்ந்து பிள்ளையின் நோட்டில் விழுகிறது. சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் அடுத்த வாரமும் அதேதான் வரும். கரும்பலகையில் இரு மொழிச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எங்கே ஐகாரம் வருகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 'பட்டி' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஆட்டுப்பட்டி, மலையாளத்தில் நாய். வகுப்பே சிரிக்கும், டீச்சரே என்று கூப்பிட்டு அடுத்த சொல்லை அவர்களே கொண்டுவருவார்கள்.