73 ஜெயித்தும் கோப்பை இல்லை: வாரியர்ஸ் 2015-16 கேள்வி பதில்

அமெரிக்க கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் லீக் சுற்றில் அசத்திவிட்டு, முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்கே கோப்பை என்ற இறுதித் தொடரில் கிளீவ்லாண்டிடம் கோப்பையைக் கோட்டைவிட்ட கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் பற்றி நீங்கள் கேட்டவை.

கேள்வி: 73 வெற்றி அவ்வளவு பெரிய விஷயமா அண்ணா?

82 ஆட்டத்தில் 73! அதற்கு முன் உச்சம் 1995-96 சிகாகோ புல்ஸின் 72. இருபது வருஷம் அதை யாரும் தொடவில்லை. இவர்கள் தொடக்கத்திலேயே வரிசையாக 24 ஜெயித்தார்கள். மில்வாக்கியில்தான் முதல் அடி.

கேள்வி: கோச் ஸ்டீவ் கெர் பாதி சீசன் இல்லையாமே?

முதுகு அறுவை சிகிச்சையால் முதல் 43 ஆட்டங்களுக்கு அவர் வரவில்லை. பொறுப்பில் இருந்த லூக் வால்டன் 39 ஜெயித்துக் கொடுத்தார். அத்தனையும் கெர் கணக்கில்தான் ஏறின, விதி அப்படி. வால்டன் பாவம்.

கேள்வி: இறுதியில் 3-1 என்று முன்னிலையில் இருந்தும் தோற்றது களைப்பாலா?

பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முந்தைய சுற்றில் ஓக்லஹோமா சிட்டியிடம் 1-3 என்று பின்தங்கி, மீண்டு வந்த அணி இது. அதன் ஆறாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் கிளே தாம்சன் போட்டது 11 த்ரீ, அதாவது தூரத்திலிருந்து எறிகிற மூன்று புள்ளி ஷாட். களைத்தவர்கள் ஆடுகிற ஆட்டமா அது?

என் கணக்கில் திருப்பம் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன்தான். லீக் சுற்றுக்குப் பிந்தைய நாக்-அவுட் தொடர்களான பிளேஆஃபில், ஒவ்வொரு ஃபிளாக்ரன்ட் ஃபவுலுக்கும் (முரட்டுத்தனமான ஃபவுல்) தண்டனைப் புள்ளி உண்டு. நான்கு சேர்ந்தால் அடுத்த ஆட்டம் தானாகவே சஸ்பெண்ட். கிரீன் ஏற்கெனவே மூன்றில் நின்றார். இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் கீழே விழுந்த கிரீனை கிளீவ்லாண்டின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் தாண்டிப் போக, கிரீன் கையை வீசிவிட்டார். களத்தில் நடுவர்கள் ஃபிளாக்ரன்ட் என்று சொல்லாமல் விட்டதை லீக் பிறகு பார்த்து நான்காவது புள்ளியைப் போட்டது. வெளியே ஆடும் கார்டு முதல் வளையத்தடியில் நிற்கும் சென்டர் வரை யாரையும் மறிக்கக்கூடிய கிரீன் இல்லாத ஐந்தாவது ஆட்டத்தில் லெப்ரானும் அவர் அணியின் கைரி இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி! அதே இரவு வாரியர்ஸ் சென்டர் போகட் முழங்கால் அடிபட்டு வெளியேறினார். உள்ளே யார் நிற்பது?

கேள்வி: வாரியர்ஸ் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி ஏன் சொதப்பினார்?

லீக் சுற்றில் 402 த்ரீ போட்டு, ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் எம்விபி (சீசனின் சிறந்த வீரர் விருது) வாங்கியவர்தான். பிளேஆஃப் முதல் சுற்றிலேயே முழங்கால் சுளுக்கு. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 14 த்ரீ முயன்று நான்குதான் விழுந்தது.

கேள்வி: லெப்ரானின் அந்த பிளாக்?

அதே ஏழாவது ஆட்டம், 89-89. வாரியர்ஸின் இகுவடாலா தனியாக ஓடிப்போய் வளையத்தில் பந்தைப் போடப் போகிறார், பின்னாலிருந்து பாய்ந்து வந்து பந்தைப் போர்டில் அறைந்து தடுத்தார் லெப்ரான். பிறகு கரியின் முகத்துக்கு நேரே இர்விங்கின் த்ரீ. முடிவு 93-89. கடைசி நாலரை நிமிஷம் வாரியர்ஸுக்கு ஒரு புள்ளிகூட இல்லை, அதை யாரும் பேசுவதில்லை.

கேள்வி: ஓக்லஹோமா நட்சத்திரம் கெவின் டுரான்ட் வாரியர்ஸுக்கு வந்தது இதனால்தானா?

வாரியர்ஸ் தோற்காமல் இருந்திருந்தால் வருவதற்கு அவரும் யோசித்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஜூலையில் ஓக்லஹோமாவை விட்டு வந்தார். 2017 இறுதியில் அதே கிளீவ்லாண்டை 4-1 என்று வீழ்த்தினார்கள்.