குரூப் மாற்றுவதற்கு முன் மயில்துத்தத்தை எழுதச் சொல்லுங்கள்

பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் வேதியியல் மட்டும் காலை வாரிவிட்டது, காமர்ஸ் குரூப்புக்கு மாற்றிவிடலாமா என்று தவிக்கும் பெற்றோரே, கொஞ்சம் பொறுங்கள். பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் வேதியியலுக்கு 50. நீட்டின் 720-இல் 180. இதை விட்டுக்கொடுக்கும் முன் கால் மணி நேரம் பிள்ளையோடு உட்காருங்கள்.

மயில்துத்தத்தின், அதாவது நீரேறிய காப்பர் சல்ஃபேட்டின், வாய்பாட்டை (CuSO₄·5H₂O) எழுதி, அதிலுள்ள தனிமங்களையும் அணுக்களையும் எண்ணச் சொல்லுங்கள். காப்பர் 1, சல்ஃபர் 1, ஆக்சிஜன் 9, ஹைட்ரஜன் 10, ஆக மொத்தம் 21 அணுக்கள். இதில் தடுமாறினால் பிள்ளைக்கு வாய்பாட்டை வாசிக்க இன்னும் கைவரவில்லை. பழக்கினால் வந்துவிடும்.

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பேதமே கிடையாது. அதனால் ஆங்கில எழுத்தில் அந்தப் பேதம் இருப்பதைத் தமிழ்வழிப் பிள்ளைகள் பலர் கவனிப்பதே இல்லை. வேதியியலிலோ பெரிய எழுத்து வந்தால் அங்கே ஒரு தனிமக் குறியீடு தொடங்குகிறது. பெரிய 'சி'யோடு சின்ன 'ஓ' கோபால்ட். இரண்டும் பெரியதென்றால் கார்பன் மோனாக்சைடு. இந்த எழுத்துகளுக்குப் பெரியதிலும் சிறியதிலும் ஒரே வடிவம், அளவுதான் வேறு. ஆகவே முதல் வாரம் நாலுகோடு நோட்டில் எழுதட்டும். ஒரே தனிமம் திரும்ப வருவதும் உண்டு: அசிட்டிக் அமிலத்தை வழக்கமாக எழுதும் முறையில் பெரிய எழுத்துகள் ஆறு, தனிமங்கள் மூன்றுதான்.

கீழே சிறிதாக எழுதும் எண் அதற்கு முன்னால் உள்ள குறியீட்டுக்கு மட்டும். அடைப்புக்குறிக்கு வெளியே இருந்தால் உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும்: அம்மோனியம் சல்ஃபேட்டில் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8. மயில்துத்தத்தின் நடுப்புள்ளியைப் பெருக்கல் குறியாக எண்ணுவதுதான் பெரிய வழுக்கல். அது ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருப்பதைச் சொல்கிறது. நீரின் ஆக்சிஜன் 5, சல்ஃபேட்டின் 4, இரண்டையும் கூட்டினால் 9. நீரை விட்டுவிட்டால் மோலார் நிறை (ஒரு மோல் பொருளின் கிராம் கணக்கு) 249.5 என்பது 159.5 ஆகிவிடும், பிறகு எத்தனை படி சரியாகப் போட்டாலும் விடை தப்புத்தான். நீட்டில் அதற்கு ஒரு மதிப்பெண் கழியும்.

மனப்பாடம் வேண்டியது ஆங்கிலப் பெயரோடு ஒட்டாத குறியீடுகளுக்கு: சோடியம், பொட்டாசியம், இரும்பு, தாமிரம், வெள்ளி, தங்கம், வெள்ளீயம், ஈயம், பாதரசம், ஆண்டிமனி, டங்ஸ்டன். மெக்னீசியத்தையும் மாங்கனீசையும் குழப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் சோடா, சலவைச் சோடா, நீற்றுச்சுண்ணாம்பு, ஜிப்சம், யூரியா என்று தினம் ஐந்து சேர்மங்கள், இரண்டு வாரம். முதலில் பெரிய எழுத்துகளை வட்டமிட்டு, பிறகு அடைப்பையும் புள்ளியையும் பார்த்து, கடைசியில் எண்ணட்டும். அதன்பிறகும் மோல் கணக்கு வரவில்லையென்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வேதியியல் ஆசிரியரைப் பாருங்கள்; குரூப் மாற்றும் பேச்சை அங்கே வைத்துக்கொள்ளலாம்.