ஏழெட்டு எவ்வளவு? வாய்ப்பாடும் காரணிகளும்: கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பெருக்கல், காரணி பற்றி மட்டும் கேளுங்கள்.

என் பையன் மூன்றாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று சொல்கிறான். இடையில் "ஏழெட்டு எவ்வளவு?" என்றால் முழிக்கிறான்.

முழிக்கத்தான் செய்வான். அவனுக்குத் தெரிந்தது பாட்டு. நடுவரியைக் கேட்டால் நமக்கே முதலடியிலிருந்து பாடித்தானே வருகிறது? தமிழில் இன்னொரு வம்பும் உண்டு. 'ஏழெட்டுப் பேர் வந்தாங்க' என்றால் ஏழோ எட்டோ என்று அர்த்தம். என் வகுப்பில் ஒரு பெண் "ஏழு, இல்லேன்னா எட்டு டீச்சர்" என்று பதில் சொன்னாள். எந்த வாயால் தப்பு என்பது?

மலையைப் பார்த்து மிரள வேண்டாம். பத்துக்குப் பத்து என்று நூறு கட்டம். திருப்பிப் போட்டாலும் அதே விடை என்று புரிந்தால் 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 குழந்தைகளுக்குத் தானாகவே வரும், மிச்சம் 21. ஒன்பதுக்கு விரல் இருக்கிறது: நான்கொன்பதுக்குப் பத்து விரலையும் விரித்து நான்காவதை மடக்கினால் இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 6, ஆக 36. நான்கு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு. இவை போனால் பத்தே பத்து. அதிலும் மூன்றாம் வாய்ப்பாட்டைக் கழித்தால் உண்மையாகவே படுத்துவது ஆறு: 36, 42, 48, 49, 56, 64. இந்த ஆறுக்காகவா குழந்தையை அழ வைப்பது?

ஏழெட்டு மறந்தால், ஐந்து எட்டு 40, இரண்டு எட்டு 16, சேர்த்தால் 56. இப்படி வழி கண்டுபிடிப்பவனுக்கு நேரம் கொடுங்கள். கடகடவென்று வருவதை மட்டும் நம்பாதீர்கள்.

இருபதாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் வேண்டுமா, டீச்சர்?

பத்து போதும். ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் பதினாறாம் வாய்ப்பாடு கடைக்காரருக்குச் சோறு போட்டது. 1957இல் ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்ததோடு அந்தத் தேவை போயிற்று.

நான்காம் வகுப்பு மகள் காரணியையும் மடங்கையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். 12இன் காரணி 24 என்கிறாள்.

வரையறையை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். பன்னிரண்டு புளியங்கொட்டையைக் கையில் கொடுங்கள். வரிசை வரிசையாக, ஒன்றும் மிஞ்சாமல் செவ்வகமாக அடுக்கட்டும். ஒரே வரிசையில் 12. இரண்டு வரிசையில் ஆறாறு. மூன்று வரிசையில் நான்கு நான்கு. ஐந்து வரிசை போட்டுப் பார்த்து இரண்டு கொட்டை கையில் மிஞ்சும்போது அவள் முகத்தைப் பாருங்கள், அங்கேதான் பாடம் நடக்கிறது. செவ்வகத்தின் இரண்டு பக்கங்களும் காரணிகள். 24 எப்படி வரும்? இருப்பதே 12 கொட்டை! அதே மாதிரி இன்னொரு 12 சேர்த்தால் 24, இன்னொன்று சேர்த்தால் 36. அவை மடங்குகள். காரணி கொட்டைக்கு உள்ளே, மடங்கு வெளியே.

பிறகு ஏழு கொட்டை கொடுங்கள். ஒற்றை வரிசை தவிர எதுவும் வராது. பகா எண் என்ற சொல்லை அப்புறம் சொன்னால் போதும்.

ஒரு தட்டில் 4 இட்லி, 3 தட்டு, மொத்தம் எத்தனை? என் பையன் 3 × 4 = 12 என்று எழுதினான். 4 × 3 என்றுதான் எழுத வேண்டுமாம், அரை மார்க் போயிற்று.

போகக் கூடாத அரை மார்க். தமிழ் வாய்ப்பாட்டில் 'முந்நான்கு பன்னிரண்டு' என்றால் மூன்று நான்குகள், பையன் எழுதியதேதான். ஆங்கில வழிப் பிள்ளைகள் நான்காம் வாய்ப்பாட்டில் அதே வரியை 4 × 3 என்று எழுதி 'ஃபோர் த்ரீஸ்' என்கிறார்கள். ஒரே தெருவில் இரண்டு வழக்கம்.

நானும் ஆசிரியர்தான். வரிசையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வகுத்தலில் தடுமாறுவார்கள். மூன்று தட்டில் நான்கும் நான்கு தட்டில் மூன்றும் ஒன்றா?

சாப்பிடுகிறவருக்கு ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். அது புரிந்ததா என்று பார்க்கப் படம் வரையச் சொல்லுங்கள். பெருக்கல் குறியின் எந்தப் பக்கம் எந்த எண் என்பது வெறும் உடன்பாடு. ஜப்பானில் 1972லேயே இந்தச் சண்டை பத்திரிகையில் வந்தது. 2015இல் அமெரிக்காவில் 5 × 3ஐ 3+3+3+3+3 என்று எழுதாமல் 5+5+5 என்று விரித்த குழந்தைக்கு மார்க் குறைத்த விடைத்தாள் உலகம் முழுக்கச் சுற்றியது.

உடன்பாடு என்றால் வகுப்பில் ஒன்றைப் பின்பற்றத்தானே வேண்டும்?

நீங்கள் கரும்பலகையில் பின்பற்றுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? குழந்தை மாற்றி எழுதினால் வெட்டாதீர்கள் என்கிறேன்.

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பெரியவள் ஆங்கில வழி, சின்னவன் தமிழ் வழி. இருவரும் இதையே சண்டை போடுகிறார்கள்!

மளிகைக் கடையிலிருந்து முட்டை அட்டை ஒன்று வாங்கி வாருங்கள். இந்தப் பக்கம் பார்த்தால் ஐந்து வரிசை, ஆறாறு குழி. அட்டையைத் திருப்பினால் ஆறு வரிசை, ஐந்தைந்து குழி. முட்டை முப்பதே. இருவரையும் எதிரெதிரே உட்கார வையுங்கள். ஆசிரியரும் ஒரு அட்டை வாங்கலாம்.

1 பகா எண்ணா?

இல்லை. சரியாக இரண்டு காரணி வேண்டும். ஒன்றுக்கு ஒன்றே ஒன்று.

இருபதாம் வாய்ப்பாடு வரை...

மேலே பாருங்கள். பத்து.

அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? எந்த ஆப் நல்லது?

வீட்டில் பல்லாங்குழி இருக்கிறதா? ஈரேழு பதினான்கு குழி, குழிக்கு ஐந்து சோழி, மொத்தம் எத்தனை? அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஏழு வயது முடிந்தும் எண்களைத் திருப்பித் திருப்பி எழுதுகிறான். கற்றல் குறைபாடா?

அதை நான் சொல்லக் கூடாது. குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அதுவரை திட்டாதீர்கள்.

பன்னிரண்டாவது வாய்ப்பாடாவது வேண்டாமா, டீச்சர்? ஒரு நிமிஷத்துக்குள் சொல்ல வைக்கிறார்கள்.

டஜன் கணக்குக்கு உதவும், ஆசையிருந்தால் படிக்கட்டும். அந்த நிமிஷக் கணக்கைத்தான் ஒழிக்க வேண்டும். மறுபடி சொல்கிறேன், கடகடவென்று வருவதை நம்பாதீர்கள்.

36க்கு மகள் ஒன்பது காரணி எழுதியிருக்கிறாள். ஜோடி ஜோடியாகத்தானே வர வேண்டும்? எது விட்டுப்போனது?

எதுவும் விடவில்லை, கெட்டிக்காரி. 1-36, 2-18, 3-12, 4-9. அடுத்தது 6-6, தனக்குத் தானே ஜோடி. அதற்கு மேல் தேடவும் வேண்டாம், பழைய ஜோடிகளே திரும்பி வரும். இப்போது 25ம் 49ம் கொடுங்கள். வேறு எந்த எண்களுக்கு இப்படி ஒற்றைப்படையில் வருகிறது என்று கொட்டையை அடுக்கி அவளே தேடட்டும். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.