கூண்டுக்குக் காசு, எஞ்சினுக்குப் பூட்டு: பிக்கப் ரேஸுக்கு விதி எழுதுவது எப்படி?

கேள்வி: நாங்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கம் லோடு வண்டி ஓட்டும் நண்பர்கள் எட்டுப் பேர். இருங்காட்டுக்கோட்டையில் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, பிக்கப் வண்டிகளை மட்டும் வைத்து ஒரு சின்னத் தொடர் நடத்தினால் என்ன என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வண்டியோடு சேர்த்து ஆளுக்கு 5 லட்சத்துக்குள் முடிய வேண்டும். வண்டிக்கான விதிகளை எப்படி எழுதுவது? எஞ்சினில் எவ்வளவு வேலை செய்ய விடலாம்? முதுநகரில் மீன் ஏற்றிய பழைய பொலிரோ பிக்கப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன, வாங்கலாமா?
– கடலூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கேட்டவுடன் சிரிக்கிறவர்கள் இருப்பார்கள், விடுங்கள். தாய்லாந்தில் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் டீசல் பிக்கப்புகளைத் தாழ்த்தி டிராக்கில் பல ஆண்டுகளாக ஓட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிக்கப்பை யூட் என்பார்கள்; அங்கே யூட் ரேஸ் உண்டு. அமெரிக்காவின் நாஸ்கார் ரேஸ் அமைப்பு 1995 முதல் பிக்கப்புக்கென்றே தனித் தொடர் நடத்துகிறது. ஆனால் இவற்றில் இரண்டு ஜாதி உண்டு. நாஸ்காரிலும் இங்கிலாந்தின் பிக்கப் தொடரிலும் வெளித்தோல்தான் பிக்கப். உள்ளே குழாய்ச் சட்டத்தில் கட்டிய முழு ரேஸ் வண்டி. தாய்லாந்தில் ஷோரூம் வண்டியையே மாற்றி ஓட்டுகிறார்கள். உங்கள் பணத்துக்கு இரண்டாவது வழிதான்.

விதிப் புத்தகத்தின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: "இதில் அனுமதி என்று எழுதப்படாத எதுவும் அனுமதி இல்லை." தடைகளைப் பட்டியல் போட்டால், பட்டியலில் இல்லாததை மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார். அது அவருடைய தொழில். இரண்டாவது வரி, "ஒரிஜினல்" என்றால் எது என்பதைச் சொல்ல வேண்டும். கம்பெனியின் சர்வீஸ் மேனுவலும் பார்ட் நம்பரும்தான் அளவுகோல் என்று எழுதி, அந்த மேனுவலின் ஒரு பிரதியை சோதனை மேஜையில் வையுங்கள். எட்டுப் பேரும் ஒரே மாடல், ஒரே எஞ்சின், ஒரே மாசு விதி. பிஎஸ்4 என்று முடிவு செய்தால் எல்லோருக்கும் பிஎஸ்4. இதில் சலுகை கொடுத்தீர்களோ, யார் வண்டிக்கு எத்தனை கிலோ கூட்டுவது என்ற பஞ்சாயத்திலேயே சீசன் முடிந்துவிடும்.

5 லட்சம் என்று விலை வரம்பு எழுதி அதை நம்பி இருக்காதீர்கள். பில்லைக் குறைத்துக் காட்டுவது நம் ஊரில் பெரிய வித்தையா? அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய லெமன்ஸ் என்ற மலிவு ரேஸில் காரின் விலை 500 டாலருக்குள் இருக்க வேண்டும். ஆனால் பாதுகாப்புச் சாமான்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த ஒரு யோசனையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டு (வண்டி உருண்டாலும் கேபின் நசுங்காமல் டிரைவரைக் காக்கும் குழாய்ச் சட்டகம்), சீட், பெல்ட், பிரேக் எல்லாம் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் பெல்ட்டில் மிச்சம் பிடித்து டர்போவில் போடுவார்கள்.

சரி, எஞ்சின். என் பதில் ஒரே வரி: தொட விடாதீர்கள். காமன் ரெயில் டீசலில், அதாவது கணினி கட்டுப்படுத்தும் இன்றைய டீசல் எஞ்சினில், லேப்டாப்பைச் செருகி அரை மணி நேரத்தில் பவரைக் கூட்டிவிடலாம், வெளியே ஒரு தடயமும் தெரியாது. அதனால் ஹெட், டர்போ, பம்ப் மூன்றுக்கும் கம்பி கட்டி ஈய சீல் வையுங்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் அந்தக் கணினிப் பெட்டிகளை, ஈசியூக்களை, எல்லாம் கழற்றி ஒரு பெட்டியில் போட்டு, ரேஸ் காலையில் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். நான் ஏற்றிய பவர் யார் கைக்குப் போகுமோ என்ற பயத்தில் யாரும் ஏற்ற மாட்டார்கள். இம்மொபிலைசர் (சொந்தச் சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத மின்பூட்டு) உள்ள வண்டியில் இது நடக்காது. அங்கே ஈசியூவை சீல் வைத்துவிட்டு, டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட் அளவைப் பதியும் ஒரு சின்னக் கருவியை அமைப்பாளரே மாட்ட வேண்டும். ஃபில்டர், பெல்ட், ஆயில் அவரவர் விருப்பம். கறும்புகை கக்கினால் கறுப்புக் கொடி, வண்டி டிராக்கை விட்டு வெளியே வர வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள். பின்னால் வருகிறவனுக்கு வளைவு தெரிய வேண்டும்.

இனி, காரில் இல்லாமல் பிக்கப்பில் மட்டும் இருக்கும் தலைவலிக்கு வருவோம். காலியாக ஓடும்போது பின்பக்கத்தில் எடையே இல்லை. இதை அளக்க ஆய்வகம் வேண்டாம், உங்கள் ஊர் வே பிரிட்ஜ் (லாரி எடை மேடை) போதும். முழு வண்டியை ஏற்றி ஒரு சீட்டு, முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. மொத்தம் 1,600 கிலோ, முன்பக்கம் 960 என்று வந்தால் பின்னால் 40 சதவீதம்தான். பிரேக்கை மிதித்ததும் எடை இன்னும் முன்னே சரியும். பின் டிரம் பூட்டிக்கொள்ளும், வால் முன்னே வரப் பார்க்கும்.

இதைத் தடுக்கத்தான் கம்பெனிக்காரன் பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு லோடு சென்சிங் வால்வு (லோடு அறியும் பிரேக் வால்வு) வைத்திருக்கிறான். குனிந்து பாருங்கள். வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு வால்வு, அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு மெல்லிய கம்பியோ ஸ்பிரிங்கோ போகும். லோடு ஏறி வண்டி அமுங்கினால், லோடு இருக்கிறது என்று அது புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். ரேஸுக்காக பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையை உருவி வண்டியைத் தாழ்த்துகிறீர்கள் என்று வையுங்கள். வால்வுக்கு என்ன தெரியும்? ஒரு டன் தக்காளி ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். காலி வண்டிக்கு முழு லோடு பிரேக் கிடைக்கும். முதல் வளைவிலேயே வண்டி பம்பரமாகச் சுற்றும். ஆகவே வண்டியைத் தாழ்த்த அனுமதித்தால், வால்வின் கம்பியைப் புது உயரத்துக்கு ஏற்ப அட்ஜஸ்ட் செய்வது கட்டாயம் என்று அதே பத்தியில் எழுத வேண்டும். இதைவிட நல்லது, வால்வை எடுத்துவிட்டு பின் பிரேக்கின் பங்கைக் கையால் திருகிக் கூட்டிக் குறைக்கும் பிரேக் பயஸ் வால்வைப் போடுவது. எட்டு வண்டிக்கும் ஒரே பிராண்டு. பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரை மாற்ற விடாதீர்கள். பேடு, பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக் குழாய், டாட் 4 பிரேக் ஆயில் இவற்றுக்கு மட்டும் அனுமதி. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போதே குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரிதான், டாட் 4-க்கு 230. ஈரம் உறிஞ்சினால் இரண்டுமே இறங்கும். கடலோரத்தில் ஒவ்வொரு ரேஸுக்கும் புது ஆயில் ஊற்றுவது ஆடம்பரம் இல்லை.

பின் எடைக்காக சிமெண்ட் மூட்டை போடலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார். வண்டி உருண்டால் அந்த மூட்டை யார் முதுகில் வந்து விழும் என்று திருப்பிக் கேளுங்கள். எடை சேர்ப்பதானால் இரும்புத் தகடு, சட்டத்தோடு போல்ட் போட்டு, சீல் வைத்து. குறைந்தபட்ச எடையை ரேஸ் முடிந்து வந்த கோலத்தில், டிரைவரோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து டயர். இங்கேதான் பலருக்கும் தலைகீழாகப் புரிகிறது. இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுங்கள். அகலம் 1,400 மில்லிமீட்டர், உயரம் 700 என்றால் விடை 1. டயரின் பிடி இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் வண்டி வழுக்கும். மேலே போனால் கவிழும். சாதாரண ரோடு டயரின் பிடி காய்ந்த தாரில் 0.8, 0.9 அளவில் நிற்கும். ரேஸுக்கென்றே செய்த, பிடி கூடிய செமி ஸ்லிக் டயர் போட்டால் 1-ஐத் தாண்டிவிடும். அதாவது உயரமான வண்டிக்கு விலை கூடிய டயர் வாங்கிக் கொடுத்தால் அதைக் கவிழ்க்கக் காசு கொடுக்கிறீர்கள். ஒரே பிராண்டு ரோடு டயர், டியூப்லெஸ் ரேடியல், ஒரு ரேஸ் வார இறுதிக்கு 4 மட்டும் என்று எழுதினால் செலவும் குறையும், உயிருக்கும் நல்லது. பிக்கப் டயரின் பக்கவாட்டில் வேக எழுத்தைப் பாருங்கள். என் என்றால் 140 கிலோமீட்டர், க்யூ என்றால் 160. க்யூவுக்குக் கீழே வேண்டாம். அதே பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. எவ்வளவு பழசு வரை அனுமதி என்பதையும் எழுதிவிடுங்கள். சக்கரத்தை வெளியே தள்ளும் வீல் ஸ்பேசர் கூடவே கூடாது.

கூண்டுக்கு நீங்களாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் ஜே இணைப்பில் 253-ஆவது பிரிவு இருக்கிறது, அதையே எடுத்து வையுங்கள். டிரைவருக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளையத்துக்கு 45-க்கு 2.5 அல்லது 50-க்கு 2 மில்லிமீட்டர் (முதல் எண் விட்டம், அடுத்தது கனம்) தையலில்லாத எஃகுக் குழாய். மற்றவற்றுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. பாதம் உட்காரும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகடு. பைப்பை வாங்கும்போதே டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். கேட் செய்கிற பட்டறையில் மிச்சமிருக்கும் ஜிஐ பைப்பில் வளைத்த கூண்டை நான் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் மட்டும் அருமையாக இருந்தது.

சிங்கிள் கேபினில் ஒரு சிக்கல் உண்டு. வளையத்தைத் தாங்கும் பின் கம்பிகள் செங்குத்துக்குக் குறைந்தது 30 டிகிரி சாய்ந்து பின்னோக்கி ஓட வேண்டும். ஆனால் சீட்டுக்குப் பின்னால் உடனே கேபின் சுவர் வந்துவிடுகிறது. சுவரைத் துளைத்துத் தொட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று தோன்றும். ஒரு நிமிடம். மேடு பள்ளமான ரோட்டில் லோடு வண்டியில் போகும்போது கேபினுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள சந்து விரிந்து சுருங்குவதைக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள். கேபின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது, தொட்டி தனியாக உட்கார்ந்திருக்கிறது, அடியில் சட்டம் முறுக்கிக்கொள்கிறது. வளையம் கேபினிலும் கம்பி தொட்டித் தகட்டிலுமாக நின்றால், இரண்டு ரேஸில் வெல்டிங் விரிசல் விடும். ஆகவே ரப்பருக்குப் பதில் அமுங்காத கெட்டியான புஷ் போட்டு கேபினைச் சட்டத்தோடு இறுக்குங்கள். பின் கம்பிகள் தொட்டித் தகட்டை வெட்டிக்கொண்டு நேராகச் சட்டத்துக்கு வரட்டும். சட்டத்தின் பக்கச் சுவரில் மட்டும் துளை போடலாம். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போட்டால் பலமே போய்விடும்.

மற்றவை சுருக்கமாக. 2 கிலோ தீயணைப்பான், முன்னும் பின்னும் இழுவை வளையம், உள்ளேயும் வெளியேயும் எட்டக்கூடிய பேட்டரி கட்-ஆஃப். எஞ்சின் மூச்சு விடும் ஆயிலைப் பிடிக்க 3 லிட்டர் டப்பா. சாலையில் கொட்டிய டீசலில் வண்டி வழுக்கிப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அதனால் டேங்க் மூடி கசியும் வண்டிக்கு இரக்கம் காட்டாதீர்கள். டர்போ சீல் போனால் டீசல் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றுப் பாதையை மூடும் ஒரு பட்டாம்பூச்சி வால்வும், அதற்கு டிரைவர் கைக்கு எட்டும் கேபிளும் கட்டாயமாக்குங்கள்.

சட்டப் பக்கம். இந்திய மோட்டார் ரேஸ் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அனுமதியும் டிரைவர்களுக்கு அதன் லைசென்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள். விதி வரைவை முதலில் அவர்களிடம் காட்டுங்கள். தினம் லோடு அடிக்கும் மஞ்சள் போர்டு வண்டியை ரேஸ் வண்டியாக்கும் எண்ணமே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. இன்சூரன்ஸ் பாலிசியிலும் ரேஸுக்குக் காப்பீடு இல்லை என்றே இருக்கும். எனவே டிஎன்-31 ஆனாலும் பிஒய்-01 ஆனாலும் ஆர்சியை முறைப்படி ரத்து செய்துவிட்டு, திண்டிவனம், ஒரகடம் வழியாக இன்னொரு லாரியின் மேல் ஏற்றிக்கொண்டு டிராக்குக்குப் போங்கள். பழகுவதற்காக ஈசிஆரில் ஒரு ரவுண்டு என்று யாராவது கிளம்பினால் அது சாலையில் ரேஸ் ஓட்டுவதைத் தடுக்கும் அதே சட்டத்தின் 189-ஆவது பிரிவு, அங்கேயும் சிறை உண்டு.

கடைசியாக, மீன் வண்டி. பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து தொட்டியின் மூட்டுகள் வழியாக வருடக்கணக்கில் சொட்டும். அது விழுகிற இடங்கள், கேபினுக்குப் பின்னால் உள்ள சட்டம், பின் பட்டை மாட்டும் பிராக்கெட், பிரேக் பைப். நாம் கூண்டின் கம்பியைக் கொண்டுவந்து நிறுத்தப் போவதும் அங்கேதான். புது பெயிண்டைப் பார்த்து ஏமாறாமல், சின்னச் சுத்தியலோடு அடியில் படுத்து ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு டங் என்று பேசும். தப் என்று சத்தம் வந்து செதில் உதிர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் அந்த வால்வுக் கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள். நான் பார்த்த மீன் வண்டிகளில் முக்கால்வாசிக்கு அது துருப்பிடித்து இறுகி, அசையவே அசையாது. பண்ருட்டிப் பக்கம் பலாப்பழமும் முந்திரியும் ஏற்றிய வண்டி கிடைத்தால், முப்பது நாற்பதாயிரம் கூடக் கேட்டாலும் அதையே எடுங்கள்.