முகத்தில் எழுதியிருக்கிறதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்காவின் மகனுக்கு நான்கு வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். இப்போது ஏழு வயது. உறவினர்களிடம் சொன்னபோது அநேகமாக எல்லோரும் முதலில் சொன்னது ஒன்றுதான்: "பார்த்தால் அப்படித் தெரியவில்லையே." ஆறுதலுக்குச் சொன்னார்களா, நம்பாமல் சொன்னார்களா என்று அக்காவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லட்சணமான பையன், இவனுக்கு என்ன என்று.

சென்ற மாதம் அக்காவுக்கு முடியாததால் நான் அவனைப் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். காத்திருக்கும் அறையில் எட்டுப் பத்துக் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது, எல்லோருக்கும் ஏதோ ஒரு சாயல் இருப்பதாகப் பட்டது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைப் போல. கண்ணா, மூக்கா, நிற்கும் விதமா என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால், ஆட்டிசம் உள்ளவர்களின் முகம் இப்படி இருக்கும், மணிக்கட்டை மடித்தே வைத்திருப்பார்கள், வயதைவிட இளமையாகத் தெரிவார்கள் என்று வரிசையாகக் காணொளிகள். இதில் உண்மை உண்டா? இப்படி யோசிப்பதே தவறோ என்ற கூச்சத்தோடுதான் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆட்டிசத்தை முதன்முதலில் விவரித்த மருத்துவர்களும் முகத்தைப் பற்றி யோசித்தவர்கள்தான், எழுதியும் வைத்தார்கள். 1943-இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், அவர்களுடைய முகங்களில் அறிவுக்களை இருப்பதைக் குறிப்பிட்டார். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், தான் கவனித்த சிறுவர்கள் மழலை முகத்தைச் சீக்கிரமே இழந்து, செதுக்கியெடுத்ததுபோன்ற, கிட்டத்தட்ட உயர்குடிப் பிள்ளைகளின் தோற்றத்தைப் பெற்றுவிடுவதாக எழுதினார். நீங்கள் பார்த்த காணொளிகளோ வயது ஏறாத முகம் என்கின்றன. முதிர்ந்த முகம் எண்பது ஆண்டுகளில் முதிராத முகமாகிவிட்டதென்றால், மாறியது அந்தக் குழந்தைகள் அல்ல, பார்த்தவர்கள். கானரிடம் வந்த பிள்ளைகள் நன்கு படித்த பெற்றோருடையவர்கள். அவர் கண்ட களையில் ஆட்டிசம் எவ்வளவு, வீட்டு வசதி எவ்வளவு என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

முகத்தைப் பொறுத்தவரை பதில் 'இல்லை' என்பதே. டவுன் சிண்ட்ரோமோடு ஒப்பிட்டால் காரணம் விளங்கும். அங்கே இருபத்தொன்றாவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. 1959-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். கருவில் முகம் உருவாகும்போதே அந்த ஒரே காரணம் எல்லோரிடமும் ஒரே விதமாக வேலை செய்வதால், வெவ்வேறு நாட்டுக் குழந்தைகளிடமும் ஒரு பொதுச் சாயல் வந்துவிடுகிறது. ஆட்டிசத்துக்கு அப்படி ஒற்றைக் காரணம் கிடையாது. அதோடு தொடர்புடையவையாக இதுவரை அடையாளம் கண்ட மரபணுக்களே நூற்றுக்கு மேல்; பெரும்பாலானவர்களிடம் அவற்றில் எதையும் தனியாகச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. நடத்தையையும் வளர்ச்சியையும் வைத்தே ஆட்டிசத்தை வரையறுக்கிறார்கள். மருத்துவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல்களில் முகம் இல்லை.

விதிவிலக்குபோலத் தோன்றும் சில உண்டு. ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணு நிலையில் நீண்ட முகமும் பெரிய காதுகளும் பருவ வயதுக்குப் பின் தெளிவாகத் தெரியும். அந்த நிலை உள்ளவர்களில் கணிசமானோருக்கு ஆட்டிசமும் இருக்கும். ஆனால் அந்த முகம் அந்த மரபணு கொடுத்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்குத் தலை சராசரியைவிடப் பெரியது என்பதும் உண்மை. மீதி 85 சதவீதத்தினருக்கு அப்படி இல்லை என்பதும் அதே கணக்குத்தான். 2011-இல் அமெரிக்காவில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களின் முகங்களை முப்பரிமாணப் படமெடுத்து அளந்தார்கள். ஆட்டிசம் உள்ள சிறுவர்களுக்கு முகத்தின் மேல்பகுதி சற்று அகலமாகவும் நடுப்பகுதி சற்றுக் குட்டையாகவும் இருப்பதாகச் சராசரிக் கணக்கில் தெரிந்தது. 'ஆட்டிச முகம்' என்ற பேச்சு இப்படிப்பட்ட ஆய்வுகளின் தலைப்பை மட்டும் படித்தவர்களால்தான் வளர்கிறது. இரண்டு வகுப்புகளின் சராசரி உயரம் அரை அங்குலம் வேறுபடலாம். அதை வைத்து வாசலில் நிற்கும் பையன் எந்த வகுப்பென்று யாரால் சொல்ல முடியும்?

சரி, காத்திருக்கும் அறையில் நீங்கள் பார்த்தது என்ன? ஒரு பகுதி எளிது. ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சலிப்பு, ஒரே இரைச்சல். எல்லோருக்கும் ஒரே பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தியோடு உள்ளே போன நீங்கள். பெயர் தெரிந்த பிறகு சாயல் தானாகத் தெரியத் தொடங்கிவிடும். ஆனால் முழுக்கப் பிரமை என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. தத்துப்பிள்ளையைப் பார்த்து 'அம்மாவை உரித்துவைத்திருக்கிறான்' என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வதுண்டு. தலையைச் சாய்க்கும் விதமும் சிரிக்கும் விதமும் அம்மாவினுடையவை. கண் அதை முகச்சாயல் என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கண்டதும் அநேகமாக அசைவின் சாயல்.

அசைவில் உண்மையாகவே சில பொதுத்தன்மைகள் உண்டு. கண்ணைப் பார்த்துப் பேசுவதில் வேறுபாடு, கைகளை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, நுனிக்காலில் நடப்பது, நடையில் சிறு ஒழுங்கின்மை, முகபாவம் குறைவாகவோ எதிர்பாராத நேரத்திலோ வருவது ஆகியவை நெடுங்காலமாகப் பதிவானவை. பார்வையும் சைகையும் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவும் நோயறிதல் அளவுகோலிலேயே இருக்கின்றன. ஆனால் இவை ஒரே திசையில் போவதில்லை. ஒருவர் கண்ணைத் தவிர்ப்பார், இன்னொருவர் எதிரிலிருப்பவர் நெளியும்வரை கண்ணெடுக்காமல் பார்ப்பார். ஒருவர் முகத்தில் எதுவும் அசையாது, இன்னொருவரிடம் எல்லாமே கொஞ்சம் அதிகம். நீங்கள் சொல்லும் மடித்த மணிக்கட்டு எந்த அளவுகோலிலும் இல்லை; அது ஆட்டிசம் இல்லாத எத்தனையோ பேருடைய பழக்கம். (தமிழில் சிலர் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். இறுக்கம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்லும் சொல்லாக எனக்குப் படுகிறது. அதனால்தான் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.)

எனக்கு இருபது ஆண்டுகளாகப் பழக்கமான நண்பர் ஒருவர், மெய்ப்பு பார்ப்பவர், தம் நாற்பத்து மூன்றாவது வயதில்தான் தமக்கு ஆட்டிசம் என்று அறிந்துகொண்டார். பேசும்போது அவர் பார்வை மேசையின் விளிம்பிலேயே இருக்கும். வலது கை மேசைக்கடியில் பேனா மூடியை உருட்டிக்கொண்டிருக்கும். பேச்சு சிக்கலானால் உருளும் வேகம் கூடும். கர்வம் பிடித்தவர், நாம் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். "உங்கள் கண்ணைப் பார்த்தால் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காது. கேட்க வேண்டுமென்றால் மேசையைத்தான் பார்த்தாக வேண்டும்" என்று அவர் சொன்ன நாளில் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருபது ஆண்டுகளாக அவர் என்னைக் கவனித்ததைத்தான் கவனிக்கவில்லை என்று படித்திருக்கிறேன்.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அகத்துக்கும் முகத்துக்கும் நடுவே இருக்கும் வழி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அந்தப் பழமொழி எடுத்துக்கொள்கிறது. என் நண்பரிடம் கவனத்தின் வழி மேசை விளிம்புக்குப் போகிறது. உங்கள் மருமகன் மகிழ்ச்சியில் கையை உதறுகிறானோ, இரைச்சல் தாங்காமல் உதறுகிறானோ, எனக்குத் தெரியாது. பார்த்த மாத்திரத்தில் உங்களுக்கும் தெரியாது.

2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசுகிற பத்து வினாடிப் பதிவுகளை, யாருக்கு என்ன என்று சொல்லாமல் அறிமுகமில்லாதவர்களுக்குக் காட்டினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களோடு பேசவும் பக்கத்தில் உட்காரவும் பார்த்தவர்களுக்கு விருப்பம் குறைவாக இருந்தது. குரலை மட்டும் கேட்டபோதும் அப்படியே. அசையாத படத்தை மட்டும் பார்த்தபோதும் அப்படியே. அவர்கள் பேசியதை எழுத்தாக மட்டும் கொடுத்தபோதுதான் வேறுபாடு மறைந்துபோனது. ஆக, உங்கள் உறவினர்கள் 'தெரியவில்லையே' என்று சொன்னது பாதிதான் சரி. ஆட்டிசம் என்ற பெயர் தெரிவதில்லை. ஏதோ ஒட்டவில்லை என்பது மட்டும் பத்து வினாடிக்குள் தெரிந்துவிடுகிறது. பெயர் தெரியாததால் அதற்கு வேறு பெயர்கள் விழுகின்றன: திமிர், மரியாதை தெரியாதவன், வளர்ப்பு சரியில்லை. 'அப்படித் தெரியவில்லையே' என்ற அதே உறவினர், விசேஷ வீட்டில் அவன் முகம் கொடுத்துப் பேசாதபோது என்ன சொன்னார் என்று அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தவறான வாசிப்பை ஒரு பக்கத்துக் குறையாக மட்டும் பார்க்கக்கூடாது என்று 2012-இல் வாதிட்டவர் பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன்; அவரும் ஆட்டிசம் உள்ளவர். ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமை இரு பக்கமும் இருக்கிறது என்றார். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு கதையை எட்டுப் பேர் வழியாக வரிசையாகக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசைக்குச் சமமாகக் கதையைக் கொண்டுசேர்த்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் உதிர்ந்தது.

பார்த்தால் தெரியாமல் இருப்பது சிலருக்கு இடைவிடாத உழைப்பு என்பதையும் சொல்ல வேண்டும். எதிரிலிருப்பவரின் புருவத்தைப் பார்த்துக் கண்ணைப் பார்ப்பதுபோலக் காட்டுவது, சிரிக்கும் நேரத்தை மனப்பாடம் செய்வது, ஆட வேண்டும்போலிருக்கும் உடலை நாற்காலியோடு பிடித்துவைப்பது என்று நாள் முழுதும் நடிப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், பலர். மருத்துவர் கண்ணுக்கும் தப்பி, நடுவயதில் களைத்து விழுந்த பிறகே காரணம் தெரியவந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களிடம் 'பார்த்தால் தெரியவில்லையே' என்பது அந்த உழைப்பைத் தொடரச் சொல்வதாகத்தான் போய்ச் சேரும். உங்கள் மருமகனுக்கு இந்த வித்தையை யாரும் பாடமாகக் கற்றுக்கொடுக்காமல் இருந்தால் நல்லது.

அடுத்த முறை அந்த அறையில் உட்காரும்போது மற்றக் குழந்தைகளோடு அவனை ஒப்பிடுவதை விட்டு, அவனை மட்டும் பாருங்கள். கதவு திறந்து சத்தம் வரும்போது விரல்கள் என்ன செய்கின்றன, அவனுக்குப் பிடித்தவர் உள்ளே வரும்போது என்ன செய்கின்றன என்று. இரண்டும் வேறுவேறாக இருக்கக்கூடும். அக்காவுக்கு அந்த வித்தியாசம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்; போவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.