அம்மாவின் மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் 'ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ்' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்துத்தான் நீங்கள் மிரண்டிருப்பீர்கள். நாங்களும் மிரண்டோம். டெங்கி பாசிட்டிவ் என்றால் வார்டில் படுக்கச் சொல்வார்கள் என்று பழகிய காது இது. 2018ல் என் அம்மாவுக்கு இதே மூன்று வரிதான் வந்தது. நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அம்மா வாயே திறக்கவில்லை.

ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், பிஆர் என்பது புரோஜெஸ்ட்ரோன் ரிசெப்டர், அதாவது அந்த ஹார்மோன்கள் செல்லில் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள். ஹெர்2 வேறு ஒரு புரதம், அது நெகட்டிவ் என்றால் கட்டியில் அது மிகையாக இல்லை என்று அர்த்தம். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அம்மாவுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான்: இந்தக் கட்டி ஹார்மோனை உரமாக எடுத்து வளர்கிற ஜாதி. உரத்தை நிறுத்த மாத்திரை இருக்கிறது. ஈஆர், பிஆர் இரண்டும் நெகட்டிவ் என்றால் அந்த மாத்திரையால் பயன் இல்லை. மார்பகப் புற்றுநோயில் நான்கில் மூன்று பேருக்குக் கிட்டத்தட்ட இந்த பாசிட்டிவ் வகைதான். நூறு செல்லில் ஒன்று சாயம் ஏற்றாலே பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். அதனால் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள் இருந்தால் டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும், மாத்திரை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது அங்கே அவ்வளவு தெளிவில்லை.

சரி, நல்ல செய்தி. ஈஆர் பாசிட்டிவ் பெண்கள் டாமொக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையை ஐந்து வருடம் எடுத்தபோது, பதினைந்து வருடக் கணக்கில் இந்த நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2011ல் வெளியான பெரிய தொகுப்பாய்வு அது. முதல் சில வருடங்களில் நெகட்டிவ் வகையைவிட நோய் திரும்புவதும் குறைவு.

ஆனால் 'நல்ல ஜாதிப் புற்றுநோய்' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். நெகட்டிவ் வகை திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் ஐந்து வருடத்துக்குள் திரும்பும். பாசிட்டிவ் வகையோ பொறுமையானது, பல வருடம் கழித்தும் திரும்பலாம். ஐந்து வருட மாத்திரை முடித்து நோயில்லாமல் இருந்த 62 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்து 2017ல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு சென்டிமீட்டருக்குள் கட்டி, அக்குள் நெறியில் (நிணநீர்க் கணுவில்) பரவல் இல்லை என்றவர்களுக்கே அடுத்த பதினைந்து வருடத்தில் வேறு உறுப்பில் திரும்பும் வாய்ப்பு 13 சதவீதம். இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் கட்டியும் நான்கிலிருந்து ஒன்பது நெறிகளில் பரவலும் இருந்தவர்களுக்கு 41. அவர்களில் பலர் பெற்றது பழைய காலச் சிகிச்சை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்படியும் கட்டியின் அளவு, நெறி, கிரேடு (செல்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்ற தரம்) இல்லாமல் ஈஆரை மட்டும் வைத்து யாரும் கணக்குச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் நடந்ததையும் கேளுங்கள். மாதவிடாய் நின்றுபோனவர் என்பதால் அம்மாவுக்கு ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் மைலோ டின்னில் சீனி தேடப் போனேன். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள், நான்கு மாதத்துக்கு உண்டானது.

"கை காலெல்லாம் பிடிச்சுக்குதும்மா. நோய்தான் போயிருச்சே, அப்புறம் எதுக்கு?"

மூட்டு வலி அந்த மாத்திரையின் தெரிந்த பக்க விளைவு. வெட்டுக் கத்தி பிடித்த கை, அதனால் வலிக்கிறது என்று நாங்கள் எல்லோரும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கிளினிக்கில் யாரும் வலியைப் பற்றிக் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. நான் கூடப் போய்ச் சொன்ன பிறகு டாமொக்சிஃபெனுக்கு மாற்றினார்கள், வலி பாதியாகக் குறைந்தது. அதற்கும் வேறு தொல்லைகள் உண்டு: உடம்பு திடீரென்று கொதிக்கும், அபூர்வமாகக் காலில் இரத்தம் கட்டும், மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டால் உடனே காட்ட வேண்டும்.

இப்போது அம்மா மாத்திரைக் கணக்குக்காக மாரியம்மன் கோயில் காலண்டரில் தினமும் பேனாவால் கோடு போடுகிறார். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போனபோது இரண்டு நாளுக்கு முன்கூட்டியே கோடு போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார். மாத்திரை பையில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டேன். நல்ல திட்டு கிடைத்தது.